மஹேபூர் மோரிஸ் மைனர்: அடியிலிருந்து மேலே

மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரை வாங்க நினைப்பவர் முதலில் தரையில் படுக்க வேண்டும். பெயின்ட், இருக்கை, குரோம் எல்லாம் பிறகு. டார்ச் விளக்கோடு காரின் அடியில் நுழைந்து, பழைய ஸ்க்ரூடிரைவர் ஒன்றால் அங்கங்கே குத்திப் பார்த்தால்தான் அந்தக் காரின் உண்மையான விலை தெரியும்.

எங்கள் வீட்டுக்கு வந்தது 1965ஆம் ஆண்டின் நான்கு கதவு மைனர் 1000. என் மனைவியின் பெரியப்பாவுடையது. மஹேபூரில் கடலுக்குப் பக்கத்தில், மூன்று பக்கம் திறந்த தகரக் கொட்டகையில் பல ஆண்டுகளாக நின்றது. ஆண்டு முழுவதும் வீசும் தென்கிழக்குக் காற்று மொரீஷியஸ் தீவுக்குள் உப்பைச் சுமந்துகொண்டு நுழைவது அந்தக் கரை வழியாகத்தான். காரின் வலப்பக்கம் கடலைப் பார்த்தபடி இருந்ததால் அந்தப் பக்கம் இடப்பக்கத்தைவிட மிக மோசமாக அரித்திருந்தது. ஒரு காலத்தில் தைப்பூசக் காவடிக்குக் குடும்பம் மொத்தமும் இந்தக் காரில்தான் போனது. வேறு பலர் விலை கேட்டும் பெரியப்பா கொடுக்கவில்லை. எங்களுக்குத் தரும்போது ஒன்றுதான் சொன்னார்: “மாப்பிள்ளை, பெயின்ட் அடித்து வாசலில் நிறுத்துவதற்கு இல்லை. இது ஓட வேண்டும்.”

ஓட வேண்டும் என்ற அந்த ஒரு சொல்தான் எங்கள் பட்ஜெட்டைத் தீர்மானித்தது. ஒரு லட்சம் மொரீஷியஸ் ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று மனைவியும் நானும் பேசி வைத்தோம். அதில் பாதிக்கு மேல் கீழே இருக்கும் இரும்புக்கு, கால் பங்கு பிரேக்குக்கும் முன்சக்கரத் தாங்கிகளுக்கும், மீதி எல்லாவற்றுக்கும் மீதி. பழைய கார் வேலையில் இறங்கும் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளப்புக்குச் செலவழித்துவிட்டு, பாரம் தாங்கும் இடத்தில் பட்டி பூசி மூடுகிறார்கள். அப்படி மூடிய காரில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போவதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறும்.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948இல் அறிமுகமானது, 1971 வரை தயாரிப்பில் இருந்தது. பதினாறு லட்சத்துக்கும் அதிகமான கார்கள் வந்ததால் இன்றும் இங்கிலாந்தில் இதன் உதிரிப் பாகங்கள் புதிதாகவே செய்து விற்கப்படுகின்றன. வீட்டிலேயே வேலை செய்யக் கிளம்புகிறவருக்கு இதைவிடப் பெரிய துணை கிடையாது. முன், பின் மட்கார்டுகள் போல்ட் போட்டு மாட்டியவை என்பதும் நல்ல செய்தி. ஆனால் லாரியைப் போல இதற்குத் தனிச் சேஸிஸ் இல்லை. உடலும் தளமும் ஒன்றாகப் பற்றவைத்த கூடு. கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டிச் சட்டம், முன் இருக்கைகளுக்கு அடியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் குறுக்குச் சட்டம், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகளின் முன்முனையைப் பிடித்திருக்கும் தாங்கிகள். இந்த மூன்றும் அரித்துப்போனால் மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் அது கார் இல்லை.

எங்கள் காரில் மூன்றும் அரித்திருந்தன.

முதலில் காந்தம். சிறிய காந்தத்தை ஒரு துணியில் சுற்றி உடல் முழுவதும் நகர்த்தினால், அது ஒட்டாத இடமெல்லாம் பட்டி. வலப்பக்கக் கதவடிச் சட்டத்தில் கையளவு நீளத்துக்குக் காந்தம் எங்குமே ஒட்டவில்லை. சுத்தியலால் தட்டினால் கணீர் என்ற ஒலிக்குப் பதில் மந்தமான சத்தம். உளியால் கொத்தினேன், உள்ளே சிமென்ட். யாரோ ஒரு காலத்தில் ஓட்டையை அடைக்கச் சிமென்ட் குழைத்து ஊற்றி, மேலே கண்ணாடி நாரும் பட்டியும் போட்டு மூடியிருக்கிறார்கள். சிமென்ட் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைச் சுற்றியிருந்த கொஞ்ச நஞ்ச நல்ல இரும்பையும் அதுவே தின்றிருந்தது. இன்னோர் இடத்தில் துருவின் மேலேயே புதுத் தகடு வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவில் தண்ணீர் நின்று, புதுத் தகடும் பழையதைப் போலவே சல்லடையாகியிருந்தது. அதனால் எங்கள் வேலையில் ஒரே விதி: துருவை வெட்டி எடுத்த பிறகுதான் புது இரும்பு. மேலே ஒட்டுப் போடுவது எங்கும் இல்லை.

வெட்டுவதற்கு முன் செய்த வேலைதான் இந்தப் பதிவில் நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது. கதவடிச் சட்டத்தை வெட்டினால் கார் நடுவில் தொய்யும். தொய்ந்த நிலையில் புதுச் சட்டத்தைப் பற்றவைத்துவிட்டால் கதவுகள் ஆயுளுக்கும் ஒழுங்காக மூடாது. கழற்றிய கதவுகளின் இடத்தில், முன் தூணுக்கும் நடுத் தூணுக்கும் இடையிலும், நடுத் தூணுக்கும் பின் தூணுக்கும் இடையிலும் ஆங்கிள் இரும்பைத் தற்காலிகமாகப் பற்றவைத்தோம். உள்ளே இடத் தூணிலிருந்து வலத் தூணுக்கு இன்னொன்று. காரைத் தாங்கும் ஸ்டாண்டுகளை முன்பக்கம் உடலோடு ஒன்றான சேஸிஸ் சட்டத்தின் அடியிலும் பின்பக்கம் அச்சின் அடியிலும் வைத்தோம். அதாவது சக்கரங்கள் இருந்தால் பாரம் எங்கே இறங்குமோ அதற்கு அருகில். ஒரு பக்கம் முழுவதும் முடியும்வரை மறுபக்கத்தைத் தொடவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் கதவை மறுபடி மாட்டி, கதவுக்கும் தூணுக்கும் இடையிலான இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்தோம். அந்த இடைவெளியை நம்பலாம், அளவு நாடாவைவிட.

பின்பக்கத்தில் தீப்பொறி பறக்கும் வேலை தொடங்கும் முன் பெட்ரோல் டாங்கைக் கழற்றி வீட்டுக்கு வெளியே தள்ளி வைத்தோம். மைனரில் டாங்க் பின்பெட்டித் தளத்தின் கீழேயே இருக்கிறது. காலி டாங்க் நிறைந்த டாங்கைவிட ஆபத்தானது, உள்ளே ஆவி தங்கியிருக்கும். பாட்டரி இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். தளத்தின் அடியில் பூசியிருக்கும் தார்ப்பூச்சு தீப்பிடிக்கும் என்பதால் பற்றவைக்கும் இடத்தைச் சுற்றி ஓர் அடிக்குச் சுரண்டி எடுத்தோம். என் மகள் வாளித் தண்ணீரும் நனைந்த சாக்குமாகப் பக்கத்திலேயே நின்றாள். தளத்தின் மறுபக்கத்தில் புகை கிளம்புவதை வெல்டிங் முகமூடிக்குள் இருப்பவரால் பார்க்க முடியாது. இன்னொரு ஜோடிக் கண்கள் கட்டாயம் தேவை.

வெல்டிங் இயந்திரம், வெல்டைக் காற்றிலிருந்து காக்கும் வாயு இல்லாமல் ஃப்ளக்ஸ் கம்பியில் ஓடும் சிறிய மிக் இயந்திரம். திறந்த வராந்தாவில் காற்று வீசும் எங்கள் ஊருக்கு அதுவே சரி. வாயுவோடு பற்றவைத்தால் காற்று அதைக் கலைத்துவிடும். கதவடிச் சட்டத்துக்கு 1.2 மில்லிமீட்டர் தகடு, குறுக்குச் சட்டத்தின் முனைகளுக்கு 1.6, ஸ்பிரிங் தாங்கிகளுக்கு 2. குளிர் உருட்டுத் தகட்டைப் பெரிய அட்டையாக ஹார்டுவேர் கடையில் வாங்கினோம். கூரைத் தகடு வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் ஆவியாகி மூச்சில் போனால் அன்றிரவு காய்ச்சல் வரும், வெல்டும் சரியாகப் பிடிக்காது. கதவடிச் சட்டத்தின் வடிவம் நேரான மடிப்புகள்தான். இரண்டு ஆங்கிள் இரும்புகளுக்கு நடுவில் தகட்டை இறுக்கிப் பிடித்து, மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் சீராக அடித்து மடித்தோம். இந்தப் பகுதியை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் பொருளின் விலையைவிடக் கப்பல் கட்டணம் அதிகம். ஸ்பிரிங் தாங்கிகளை மட்டும் வாங்கினேன். அவற்றின் துளைகள் துல்லியமாக இல்லாவிட்டால் பின் அச்சு கோணலாகிவிடும்.

தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்டிங் செய்த இடங்களில், மேல் தகட்டில் 6 மில்லிமீட்டர் துளையிட்டு, அந்தத் துளையை நிரப்பிக் கீழ்த் தகட்டோடு சேர்த்தோம். நீளமான கோடுகளைத் தொடர்ந்து ஓட்டாமல், இங்கே ஒரு சிறு வெல்டு, ஓரடி தள்ளி இன்னொன்று என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் தகடு நெளியும். நெளிந்த தகட்டை நேராக்குவது பெரும்பாடு. தெருக்கோடியில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் மாலையில் வந்து ஒவ்வொரு வெல்டையும் பார்ப்பார். பிடிக்காததைச் சாக்கட்டியால் வட்டமிட்டுவிட்டுப் போவார். “தம்பி, மேலே அழகாக இருப்பது போதாது, பின்பக்கம் திருப்பிப் பார். சூடு உள்ளே இறங்கியிருக்கிறதா?” நான் முதலில் சிறு தகடுகளில் பழகி, அவர் தலையசைத்த பிறகுதான் காரில் கை வைத்தேன். குறுக்குச் சட்டத்தின் வலது முனையையும் இரண்டு ஸ்பிரிங் தாங்கிகளையும் அவரே பற்றவைத்தார். குறுக்குச் சட்டத்தில்தான் முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார்களின், அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் போல வேலை செய்யும் கம்பிகளின், பின்முனை பூட்டப்பட்டிருக்கிறது. காரின் முன்பாதி எடையை முறுக்கிப் பிடித்திருக்கும் இடம் அது. அந்த வேலைக்கு அவர் வாங்கிய கூலி இந்தக் காரில் செலவழித்த பணத்திலேயே மிகச் சரியாகச் செலவான பணம்.

இதற்கிடையில் கொல்லையில் வேறொரு வேலை தானாக நடந்துகொண்டிருந்தது. கரும்புத் தீவில் இருக்கும் வசதி இது. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் (மொலாசஸ்) ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பீப்பாயில் ஊற்றி, துருப்பிடித்த பாகங்களை முழுவதும் மூழ்கும்படி போட்டுவிட வேண்டும். மாட்டுத் தீவனத்துக்காகப் பாகு வாங்கும் உறவினர் ஒருவர் எங்களுக்கும் கொஞ்சம் தந்தார். பாகில் உள்ள பொருள்கள் துருவோடு பிணைந்து அதை மெதுவாகக் கரைத்து எடுக்கின்றன. நல்ல இரும்புக்குப் பெரிய சேதம் இல்லை. அவசரப்படக்கூடாது, பல வாரங்கள் ஆகும். புளித்துப் பொங்கி நாற்றமடிக்கும் என்பதால் வீட்டிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும். கதவுக் கீல்கள், இருக்கைத் தண்டவாளங்கள், பம்பர் தாங்கிகள், சக்கர ரிம்கள் எல்லாம் அதில் கிடந்தன. எடுக்கும்போது சாம்பல் நிறத்தில் வெற்று இரும்பாக வந்தன. ஸ்க்ரூவின் மரையில்கூடத் துரு இல்லை. கிரைண்டரால் எவ்வளவு தேய்த்தாலும் அந்த மூலை முடுக்குகளை அப்படிச் சுத்தம் செய்ய முடியாது.

அலுமினியமும் துத்தநாகக் கலவை வார்ப்புகளும் அந்தப் பீப்பாய்க்குள் போகவே கூடாது, கரைந்துவிடும். மைனரின் கதவுக் கைப்பிடிகள் இந்த வகை வார்ப்பு. இரட்டைத் தகடுள்ள பாகங்களையும் போடக்கூடாது. மடிப்புக்குள் நுழைந்த திரவம் வெளியே வராமல் உள்ளிருந்து அரிக்கும். வெளியே எடுத்த இரும்பை அழுத்த நீரால் கழுவி உடனே வெயிலில் காயவைத்து, அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும். எங்கள் ஈரக்காற்றில் கண்முன்னே செம்பழுப்பு படரும்.

பிரேக் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பெடலை மிதித்ததும் எண்ணெயை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்பும் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் மைனரில் பானெட்டுக்குள் இல்லை. ஓட்டுநரின் காலடியில், தளத்துக்குக் கீழே சேஸிஸ் சட்டத்துக்குள் இருக்கிறது. தரைவிரிப்பைத் தூக்கினால் ஒரு சிறு மூடி தெரியும், பிரேக் எண்ணெய் ஊற்றுவது அதன் வழியாக. யாருடைய கண்ணிலும் படாத இடம் என்பதால் பல மைனர்களில் வருடக்கணக்காக யாரும் திறப்பதில்லை. சிலிண்டரைக் கழற்ற இரண்டு நீண்ட போல்ட்டுகளை இழுக்க வேண்டும். டார்ஷன் பார் குறுக்கே நிற்பதால் அவை வெளியே வராது. டார்ஷன் பாரின் இறுக்கத்தைப் பாதுகாப்பாக எடுத்துவிட்டு நகர்த்திய பிறகே வழி பிறக்கும். எங்களுக்கு எப்படியும் குறுக்குச் சட்ட வேலைக்காக அது கழன்றுதான் இருந்தது. திரும்ப மாட்டும்போது போல்ட்டுகளை எதிர்ப்பக்கமிருந்து செருகினோம். அடுத்த முறை கழற்றுகிறவருக்கு இந்தத் தொல்லை இருக்காது.

சிலிண்டரைத் திறந்து பார்த்தால் உட்சுவரில் துருக்குழிகள். தேய்த்துப் பளபளப்பாக்கி ரப்பரை மட்டும் மாற்றலாம் என்று சிலர் சொன்னார்கள். இந்தக் காரில் ஒரே பிரேக் சுற்று. ஒரு ரப்பர் கிழிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. அதனால் மாஸ்டர் சிலிண்டர், சக்கரச் சிலிண்டர்கள், ஹோஸ்கள் எல்லாமே புதிது. குழாய்களைச் செம்பு நிக்கல் கலவையில் போட்டோம், உப்புக்காற்று அதை அரிக்காது. பிரேக் டிரம்கள் நல்ல நிலையில் இருந்தன, சுத்தம் செய்தது மட்டுமே.

முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் கம்பத்தின் இரண்டு முனைகளிலும் மரை இருக்கிறது. மேலும் கீழும் உள்ள ட்ரனியன் என்ற கட்டைகளுக்குள் அந்த மரை திரும்பித்தான் சக்கரம் திரும்புகிறது. கிரீஸ் இல்லாமல் ஓடினால் கீழ் மரை தேய்ந்து, ஒருநாள் கம்பம் கழன்று வெளியே வரும், சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கும். மைனரின் பெயர் பெற்ற பலவீனம் இது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தளர்ச்சி தெரியும். எங்களுடையதில் நன்றாகவே தெரிந்தது. இரு பக்கமும் மாற்றினோம். இனி 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, சக்கரத்தைத் தூக்கி மரையின் மேல் பாரம் இல்லாத நிலையில் கிரீஸ் அடிப்பது என் வழக்கம். அப்போதுதான் கிரீஸ் மரைக்குள் எல்லாப் பக்கமும் போகிறது.

இன்ஜினைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1098 சிசி ஏ சீரிஸ் இன்ஜின் உறுதியானது. பிளக் துளைகள் வழியாக டீசலும் கியர்பாக்ஸ் எண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவிட்டு, பிறகு கையால் சுற்றியதில் இளகியது. வால்வு இடைவெளி 0.012 அங்குலம், காண்டாக்ட் பாயின்ட் 0.015, பிளக் 0.025 என்று வைத்து, கார்புரேட்டரைக் கழுவி, பெட்ரோல் ரப்பர் குழாய்களை எல்லாம் மாற்றினோம். ஈயமில்லா பெட்ரோலில் பழைய வால்வு இருக்கைகள் வேகமாகத் தேயக்கூடும். ஆனாலும் அவற்றை மாற்றப் பணம் ஒதுக்கவில்லை. அவ்வப்போது வால்வு இடைவெளியை அளந்து, அது குறைந்துகொண்டே போனால் அப்போது இன்ஜின் தலையைக் கழற்றிக்கொள்ளலாம். மின்சாரத்தில் ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: இந்தக் காரில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கிறது. இக்காலக் காருக்குப் பழகிய கை அதை மாற்றிப் போட்டுவிடும். பாட்டரிப் பெட்டியின் மேலேயே சிவப்பு எழுத்தில் எழுதி வைத்தேன்.

பெயின்டுக்கு அக்டோபர் வரை காத்திருந்தோம். ஆண்டிலேயே மழை குறைந்த மாதம் அது. புயல் காலமும் வெக்கையும் தொடங்கியபின் செல்லுலோஸ் பெயின்ட் அடித்தால் காற்றின் ஈரம் படிந்து வெண்மை பூக்கும். ஹார்டனர் கலக்கும் இருகலவைப் பெயின்ட் நன்றாக நிற்கும்தான். ஆனால் அதில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கேடு. வெளிக்காற்றுக் குழாய் இணைத்த முகமூடி இல்லாமல், குடும்பம் வாழும் வீட்டில் அதைத் தெளிப்பது தவறு. நாங்கள் எடுத்தது எண்ணெய் அடிப்படையிலான எனாமல். நன்றாக நீர்க்கவைத்து, ஸ்பாஞ்சு உருளையால் மெல்லிய பூச்சுகளாக அடித்து, ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தோம். டேஷ்போர்டின் பின்பக்கம் வெயில் படாத இடத்தில் அசல் ஸ்மோக் கிரே நிறம் அப்படியே இருந்தது. அதையே கலக்கச் சொன்னோம். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் பட்டறையில் அடித்ததற்கும் இதற்கும் வேறுபாடு காண்பது கடினம்.

முன் மட்கார்டை மாட்டும் முன் அதன் பின் மேல்மூலையை, கதவுக் கீலுக்கு முன்னால் இருக்கும் இடத்தை, கையை விட்டுத் துடைத்துப் பார்க்க வேண்டும். சக்கரம் வாரி எறியும் சேறு அங்கேதான் சேர்ந்து உப்போடு தூணை அரிக்கிறது. அங்கே பெயின்டுக்கு மேல் மெழுகும் பூசினோம்.

அந்த மெழுகுதான் கடைசி வேலை, என் கணக்கில் பெயின்டைவிட முக்கியமானது. மெழுகுவத்திகளைத் துருவி டர்பன்டைனில் ஊறவைத்துக் கரைத்து, மெல்லிய எண்ணெய் கலந்தோம். அடுப்பில் வைக்கவில்லை, வெயில் சூடே போதும். நல்ல வெயில் நாளில், கார் உடல் சுடும்போது, கதவடிச் சட்டங்களுக்குள்ளும் குறுக்குச் சட்டத்துக்குள்ளும் நீண்ட குழாயால் தெளித்தால் அது இளகி ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஓடுகிறது. சட்டங்களின் அடியில் உள்ள வடிகால் துளைகளை முன்பே கம்பியால் திறந்து வைத்தோம். மெழுகு சொட்டிய இடமெல்லாம் இனித் தண்ணீரும் வடியும் என்று தெரிந்தது.

ஃபிட்னஸ் சோதனையில் அதிகாரி பானெட்டைத் திறக்கும் முன்பே குழிக்குள் இறங்கிக் கதவடிச் சட்டங்களைத் தட்டிப் பார்த்தார். இரு பக்கமும் ஒரே ஒலி. பிரேக் இருபுறமும் சமமாகப் பிடித்தது. முன்விளக்கு ஒன்றின் கோணம் மட்டும் திருத்தச் சொன்னார், அங்கேயே திருத்தினோம். பெரியப்பா முன் இருக்கையில் உட்கார்ந்து க்யூர்பீப் ஏற்றத்தில் மூன்றாம் கியருக்கு மாற்றச் சொல்லி எனக்குக் கட்டளையிட்டுக்கொண்டே வந்தார்.

இன்னும் பாக்கி இருக்கிறது. பம்பர் குரோம் கொப்புளித்திருக்கிறது, பின் இருக்கை உறை கிழிந்திருக்கிறது, வலது பின்கதவின் அடிவிளிம்பில் விரல் அகலத்துக்குத் துரு எட்டிப் பார்க்கிறது. அந்த விளிம்பை வெட்டத் தகடு மீதம் இருக்கிறது. கழிவுப்பாகுப் பீப்பாயில் இப்போது பக்கத்து வீட்டுக்காரரின் டிராக்டர் பாகங்கள் ஊறுகின்றன. அவர் எடுத்ததும் அந்தப் பின்கதவின் கீல் உள்ளே போகும்.